நீலத்துக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவு?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு ஏற்ற மாதிரி லேசாகத் திருத்தியிருக்கிறோம்.)

இன்றைக்கு நாம் பேசப் போவது பணத்தைப் பற்றி. ஓவியத்தைப் பற்றியும்தான், ஆனா பணம் முதலில்.

ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் காலம்னு சொன்னதும் மனசில் ஒரு காட்சி வரும். இத்தாலியில் ஏதோ ஒரு ஊர். தனியா உட்கார்ந்து யோசிக்கும் ஒரு மேதை. அவர் திறமையைப் பார்த்து அசந்துபோய்ப் பண மூட்டையை அவிழ்க்கும் ஒரு பிரபு. 'மெடிச்சி குடும்பம் கலைகளை ஆதரித்தது' என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்போம். அந்த 'ஆதரித்தது' என்ற சொல்லுக்குள்ள என்னதான் நடந்தது? ரேட் பேசினாங்களா? அட்வான்ஸ் கொடுத்தாங்களா? வேலை பிடிக்கலைன்னா என்ன பண்ணாங்க?

நல்ல வேளையா, அந்தக் காலத்து இத்தாலிக்காரர்கள் எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆட்கள். ஒப்பந்தம், கணக்குப் புத்தகம், சொத்துப் பட்டியல், கோபக் கடிதம் என்று நிறைய மிஞ்சியிருக்கு. அதில் சிலதை இன்னைக்கு எடுத்துப் பார்க்கலாம். பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில் வெச்சுக்கலாம்: ஓவியத்துக்குக் காசு கொடுக்கிறவர் உண்மையில் எதுக்குக் காசு கொடுக்கிறார்? பொருளுக்கா, பரப்பளவுக்கா, வரையும் கைக்கா? இந்தப் பதில் மாறும்போதெல்லாம் யார் கை ஓங்கியிருக்கு என்பதும் கூடவே மாறுது. அதுதான் இன்றைய கதை.

ஒரு ஒப்பந்தம், 1485

ஃபிளாரன்ஸ் நகரத்தில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான ஒரு இல்லம் இருந்தது. இன்னொசென்ட்டி இல்லம். கட்டடத்தை வடிவமைத்தவர் புருனெல்லெஸ்கி. இந்த இல்லத்தின் தேவாலயத்துக்கு ஒரு பீட ஓவியம் வேணும். மூன்று ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கும் காட்சி. வேலை டொமெனிக்கோ கிர்லாண்டாயோ என்ற ஓவியரிடம் போகுது. அப்போ ஊரிலேயே பிஸியான பட்டறைகளில் ஒன்று அவருடையது.

1485 அக்டோபர் 23 தேதியிட்ட அந்த ஒப்பந்தம் இன்றும் இருக்கு. அதில் என்னென்ன இருக்குன்னு பாருங்க.

முதலில் ஓவியர் காகிதத்தில் ஒரு மாதிரிப் படம் கொடுத்திருக்கார். அதிலிருந்து விலகக் கூடாது. முழுக்கத் தன் கையாலேயே வரையணும். வண்ணம், தங்கப்பொடி எல்லாம் ஓவியரின் செலவு. 30 மாதத்தில் முடிக்கணும், முடிக்கலைன்னா 15 ஃப்ளோரின் அபராதம். மொத்த விலை 115 ஃப்ளோரின், அது மாசம் 3 ஃப்ளோரினாக வரும். 30 மாதத்துக்குக் கணக்குப் போட்டா 90 வருது. மீதி 25 கடைசியில்தான். ஃப்ரீலான்ஸ் வேலை பார்க்கிறவங்களுக்கு இந்த ஏற்பாடு நல்லாவே புரியும்.

இதில் என்னை அதிகமாகப் பிடித்து நிறுத்தின ஷரத்து வேற. 115 ஃப்ளோரின் என்பது உறுதியான தொகை இல்லை. ஒப்பந்தத்தை எழுதிய ஃப்ரா பெர்னார்டோ என்ற துறவி, வேலை முடிந்ததும் பார்த்து, 'இந்த ஓவியம் இந்த விலை பெறும்' என்று நினைத்தால்தான் அந்தத் தொகை. சந்தேகம் வந்தா யாரை வேணும்னாலும் கூப்பிட்டு மதிப்புப் போடச் சொல்லலாம். பெறாதுன்னு தோணினா, தனக்கு நியாயம்னு படுற அளவுக்குக் குறைச்சுக் கொடுக்கலாம். கூட்டிக் கொடுப்பதைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை இல்லை.

சரி, 115 ஃப்ளோரின் எவ்வளவு? ஒரு ஃப்ளோரினில் ஏறக்குறைய 3.5 கிராம் தங்கம். அப்போ மொத்தம் 400 கிராம் சொச்சம். நம்ம கணக்கில் கிட்டத்தட்ட 50 பவுன். அன்றைய தங்கத்தின் வாங்கும் சக்தியும் இன்றையதும் ஒண்ணு இல்லை, அதனால் ரூபாயாக மாத்திப் பார்க்க வேண்டாம். எடையை மட்டும் மனசில் வெச்சுக்கோங்க. அடுத்த ஷரத்துக்கு அது தேவைப்படும்.

நீலத்தின் விலை

அந்த ஷரத்து இதுதான்: நீலம் அல்ட்ராமரீனாக இருக்கணும், அவுன்ஸுக்கு சுமார் 4 ஃப்ளோரின் பெறும் தரத்தில் இருக்கணும்.

ஒரு அவுன்ஸ் சுமார் 28 கிராம். 4 ஃப்ளோரின்னா 14 கிராம் தங்கம். அதாவது நீலப் பொடியின் எடையில் பாதி அளவுக்குத் தங்கம் கொடுத்து வாங்கும் சாயம்! ஏன் அவ்வளவு விலை? இந்த நீலம் லாபிஸ் லாசுலி என்ற கல்லிலிருந்து வருது. அந்தக் கல் வந்தது இன்றைய ஆப்கானிஸ்தானில் இருக்கும் படக்‌ஷான் மலைகளிலிருந்து. வணிகர் கை மாறி மாறி வெனிஸ் துறைமுகத்துக்கு வந்து சேரும். 'அல்ட்ராமரீன்' என்ற பெயருக்கே 'கடலுக்கு அப்பால்' என்றுதான் பொருள்.

வந்த கல்லை அரைத்தால் மட்டும் போதாது. மெழுகும் பிசினும் சேர்த்து மாவு மாதிரிப் பிசைந்து, காரநீரில் கசக்கி நீலத்தைப் பிரிக்கணும். முதல் கசக்கலில் வருவதுதான் உயர்ந்த ரகம். இரண்டாவது, மூன்றாவது எல்லாம் படிப்படியா மங்கிப் போகும். நம்ம வீட்டில் முதல் தேங்காய்ப்பால், இரண்டாம் தேங்காய்ப்பால் எடுக்கிற மாதிரின்னு வெச்சுக்கோங்க. அதனால 'நல்ல நீலம்' என்று மட்டும் எழுதினால் ஏமாற்ற வழி இருக்கு. அவுன்ஸுக்கு எத்தனை ஃப்ளோரின் என்று எழுதிட்டா ரகமே முடிவாகிடும்.

மாதாவின் ஆடைக்கு இந்த நீலம்தான் வேணும்னு கேட்பாங்க. பக்தி ஒரு காரணம். காசு கொடுத்தவர் எவ்வளவு செலவு செய்தார் என்று ஊருக்கே தெரியும் என்பது இன்னொரு காரணம். ஒரு திருமண மண்டபத்தில் பட்டுப்புடவையைத் தூரத்திலிருந்தே பார்த்து விலை சொல்லும் பெரியம்மாக்கள் இருப்பாங்களே, அந்தக் கண் அன்றைய ஃபிளாரன்ஸில் நிறையப் பேருக்கு இருந்தது.

இன்னொரு விஷயம். ஃப்ரா பெர்னார்டோ 'ஜெசுவாட்டி' என்ற சபையைச் சேர்ந்தவர். நமக்குத் தெரிந்த இயேசு சபை வேற, இது வேற. ஃபிளாரன்ஸில் அல்ட்ராமரீன் தயாரிப்பதில் பேர் போனவங்களே இந்த ஜெசுவாட்டி துறவிகள்தான். நீலத்தின் நெளிவு சுளிவெல்லாம் தெரிந்த ஒருவர் அந்த ஒப்பந்தத்தை எழுதியிருக்கார்.

இதே துறவிகளைப் பற்றி வசாரி ஒரு கதை சொல்றார். வசாரி 16ஆம் நூற்றாண்டில் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவர், கதை சொல்வதில் கெட்டிக்காரர், அதனால் கொஞ்சம் தள்ளி நின்றே கேட்கணும். பெருஜீனோ என்ற ஓவியர் ஜெசுவாட்டி மடத்தின் சுவரில் வரையறார். மடத்துத் தலைவர் நீலப் பையைக் கையிலேயே பிடிச்சுக்கிட்டுப் பக்கத்தில் நிக்கறார். ஓவியர் திருடிடுவாரோன்னு பயம். பெருஜீனோ இரண்டு தீற்றல் போட்டதும் தூரிகையைத் தண்ணீரில் அலசுவார். மறுபடி நீலம் கேட்பார். பை காலியாகிக்கிட்டே போகுது, சுவரில் மட்டும் அவ்வளவு நீலம் தெரியலை. தலைவர் புலம்பறார். எல்லாம் முடிந்ததும் பெருஜீனோ பாத்திரத்தின் அடியில் படிந்திருந்த நீலத்தை அப்படியே எடுத்து அவர் கையில் கொடுத்துட்டு, நம்பிப் பழகுங்க, ஏமாத்தணும்னு நினைச்சா நீங்க பக்கத்தில் நின்னாலும் ஏமாத்தலாம் என்கிற மாதிரி சொல்றார்.

நடந்ததோ இல்லையோ, கதை ஒரு நிலைமையைச் சரியாகக் காட்டுது. பொருள்தான் விலை என்றால், ஓவியர் அந்தப் பொருளைக் கையாளும் கூலி ஆள். அவரைக் கண்காணிக்கணும்.

யார் பணம் இது?

இப்படி அள்ளிக் கொடுக்க அவங்களுக்கு எங்கிருந்து காசு வந்தது? பெரும்பாலும் துணி வணிகம், வங்கித் தொழில். இதில் வங்கித் தொழிலுக்கு ஒரு சிக்கல் இருந்தது. கடனுக்கு வட்டி வாங்குவது பாவம் என்றது திருச்சபை. நாணய மாற்று உண்டியல் மாதிரியான வழிகளில் வட்டியை மறைக்க முடிந்தது. ஆனா மனசுக்குள்ள உறுத்தலை மறைக்க முடியணுமே.

படுவா நகரத்தின் என்ரிக்கோ ஸ்க்ரோவெஞ்ஞி ஒரு பணக்காரர். இவருடைய அப்பா வட்டிக்கு விட்டுச் சம்பாதித்தவர். தாந்தே தன் காவியத்தில் அந்த அப்பாவை நரகத்தில், வட்டிக்காரர்கள் நடுவில் உட்கார வெச்சிருக்கார். மகன் கட்டிய சிறு தேவாலயத்தின் சுவர்களில்தான் 1305 வாக்கில் ஜோத்தோ தன் மிகப் பெரிய வேலையைச் செய்தார். அங்கே இறுதித் தீர்ப்புக் காட்சியில் என்ரிக்கோவும் இருக்கார், தேவாலயத்தின் மாதிரியை மாதாவிடம் கொடுத்தபடி.

பாவப் பரிகாரம் மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஜொவான்னி ருச்செல்லாய் என்ற ஃபிளாரன்ஸ் வணிகர் இப்படிச் செலவு செய்வதன் காரணங்களைத் தன் குறிப்பேட்டில் எழுதி வெச்சிருக்கார்: கடவுளுக்குப் பெருமை, நகரத்துக்குப் பெருமை, தன் நினைவு நிலைக்கணும். சம்பாதிப்பதைவிட நல்லபடியாகச் செலவழிப்பதில்தான் தனக்கு மகிழ்ச்சி அதிகம் என்றும் சொல்றார். சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தின் முகப்பை அவர்தான் கட்டிக் கொடுத்தார். மேலே அவர் பெயரும் 1470 என்ற ஆண்டும் பெரிய எழுத்தில் இருக்கு. கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' என்று எழுதுவோமே, அதன் பளிங்கு வடிவம்.

மெடிச்சிகளின் கணக்கு இன்னும் பெரிசு. 1434 முதல் 1471 வரை கட்டடம், தர்மம், வரி எல்லாம் சேர்த்துக் குடும்பம் செலவழித்தது 663,755 ஃப்ளோரின் என்று லொரென்ஸோ தி மெடிச்சி எழுதியிருக்கார். அதில் தனக்கு வருத்தம் இல்லை என்ற தொனியில்தான் எழுதறார். அந்தப் பணம் நகரத்தில் அவங்களுக்கு மரியாதையையும் செல்வாக்கையும் வாங்கிக் கொடுத்தது.

இப்போ ஒரு ஒப்பீடு. 1492இல் லொரென்ஸோ இறந்ததும் வீட்டுப் பொருள்களுக்கெல்லாம் பட்டியல் போட்டாங்க. அதில் ஒற்றைக் கல்லில் செதுக்கிய பழங்காலக் கிண்ணம் ஒன்று, இன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'தாட்சா ஃபர்னேஸே'. அதன் மதிப்பு 10,000 ஃப்ளோரின். யான் வான் ஐக் வரைந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு சிறு ஓவியமும் பட்டியலில் இருக்கு. அதன் மதிப்பு 30. மெடிச்சி வீட்டிலேயே ஓவியம் மலிவான சாமான்தான்.

சதுர அடி ரேட்

பொருளுக்கு விலை வைப்பது ஒரு முறை. இன்னொன்று, பரப்பளவுக்கு விலை வைப்பது. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க சதுர அடிக்கு இவ்வளவுன்னு பேசுவோம் இல்லையா, அதேதான்.

ஃபெர்ராரா நகரத்தின் ஆட்சியாளர் போர்ஸோ தெஸ்தே. அவருடைய ஸ்கிஃபனோயா மாளிகையில் 12 மாதங்களைக் காட்டும் ஒரு மண்டபம். பல ஓவியர்கள் சேர்ந்து வரையறாங்க. அதில் ஒருவர் ஃபிரான்செஸ்கோ தெல் கோஸா. மார்ச், ஏப்ரல், மே ஆகிய மூன்று மாதங்கள் அவருடையவை.

1470 மார்ச் 25 அன்று கோஸா போர்ஸோவுக்கே நேரடியாக ஒரு கடிதம் எழுதறார். நடுவில் இருக்கும் அதிகாரியைத் தாண்டிப் போறோம்னு தெரிந்துதான் எழுதறார். விஷயம் இதுதான். எல்லாருக்கும் ஒரே ரேட், ஓர் அடிக்கு 10 பொலோஞ்ஞினி. நான் நல்ல வண்ணம் போட்டிருக்கேன், தங்கம் போட்டிருக்கேன், ஈரச் சுண்ணத்தில் கஷ்டமான முறையில் வரைஞ்சிருக்கேன். எனக்குன்னு கொஞ்சம் பேர் வர ஆரம்பிச்சிருக்கு, இன்னமும் படிச்சுக்கிட்டே இருக்கேன். ஊரிலேயே ரொம்பச் சுமாரான உதவியாளரோட என்னை ஒண்ணாக வைக்கிறது வருத்தமா இருக்கு.

அந்தக் கடிதத்தின் மேலேயே பதில் குறித்திருக்காங்க: பேசின ரேட்டே போதும்.

கோஸா ஃபெர்ராராவை விட்டுப் போலோஞ்ஞாவுக்குப் போயிட்டார்.

இந்தக் கடிதம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுது. பொருளுக்கும் பரப்பளவுக்கும் தாண்டி வேறு ஒண்ணு விலையில் இருக்கணும் என்று ஒருத்தர் கேட்கறார். படிப்பு, பயிற்சி, பேர். அதுக்கு ஒரு சொல்கூட இன்னும் சரியா அமையலை. ஆனா அப்படி ஒண்ணு இருக்குன்னு அவருக்குத் தெரியும்.

கைக்கு விலை வருகிறது

கோஸாவுக்கு 35 வருடம் முன்னாடியே, 1435இல், அல்பெர்ட்டி என்ற அறிஞர் ஓவியம் பற்றி ஒரு நூல் எழுதினார். தங்கத்தைத் தங்கத்தால் காட்டாமல் வெறும் வண்ணத்தால் காட்டுகிற ஓவியரைத்தான் பாராட்டணும் என்பது அதில் அவர் வாதம். அதாவது மினுமினுப்பு பொருளில் இருந்து வரக் கூடாது, திறமையிலிருந்து வரணும். படித்த பணக்காரர்களிடம் இந்த ரசனை மெல்ல மெல்லப் பரவுது.

கிர்லாண்டாயோ பட்டறைக்கே திரும்பப் போவோம். நாம் பார்த்த ஒப்பந்தத்தில் 'தன் கையாலேயே' என்று இருந்தது. ஆனா 1488இல் முடிந்த அந்த ஓவியத்தின் கீழ்ப்பட்டியில் இருக்கும் சிறு காட்சிகளை வரைந்தவர் பார்த்தலோமியோ தி ஜொவான்னி. பட்டறை என்றாலே பல கைகள்தான். அதே 1488இல் 13 வயசுப் பையன் ஒருவன் அங்கே தொழில் பழகச் சேருகிறான். மூன்று வருடத்துக்கு அவனுக்கு மொத்தம் 24 ஃப்ளோரின் என்று பேச்சு. பையன் பேர் மைக்கலாஞ்சலோ.

பத்தே வருடத்தில் என்ன ஆகுது பாருங்க. 1498இல் ரோமில் ஒரு பிரெஞ்சுக் கர்தினால் மைக்கலாஞ்சலோவிடம் பியெத்தா சிலையைக் கேட்கறார். விலை 450 தங்க டுகாட். ஜாமீன் நின்றவர் யாக்கோப்போ கல்லி என்ற வங்கியாளர். அவர் கொடுத்த உறுதிமொழி, ரோமில் இன்று இருக்கும் பளிங்கு வேலைகளிலேயே இதுதான் அழகாக இருக்கும், இன்றைய எந்தக் கலைஞராலும் இதைவிட நன்றாகச் செய்ய முடியாது என்று போகுது. அவுன்ஸ், அடி, ரகம் எதையும் பிடித்துக்கொண்டு தரத்தைச் சொல்லலை. உத்தரவாதம் கைக்கு.

சில வருடம் கழித்து, அஞ்ஞொலோ டோனி என்ற துணி வணிகருக்கு அவர் ஒரு வட்ட ஓவியம் வரையறார். இன்று உஃபிட்ஸி அருங்காட்சியகத்தில் இருப்பது. இதுவும் வசாரி சொல்லும் கதைதான். மைக்கலாஞ்சலோ 70 டுகாட் கேட்கறார். டோனி சிக்கனக்காரர், 40 கொடுத்து அனுப்பறார். மைக்கலாஞ்சலோ ஆளைத் திருப்பி அனுப்பறார்: 100 கொடு, இல்லைன்னா படத்தைத் திருப்பிக் கொடு. டோனி இறங்கி வந்து, சரி, அந்த 70ஐயே தரேன் என்கிறார். இப்போ விலை 140. டோனி கொடுத்துட்டார்.

ஃப்ரா பெர்னார்டோவின் ஷரத்தை நினைத்துப் பாருங்க. அங்கே வேலை முடிந்த பிறகு விலை இறங்கலாம், ஏற முடியாது. இங்கே தலைகீழ்.

எல்லாருக்கும் இந்தப் பலம் கிடைத்துவிடலை. மான்டுவாவின் இசபெல்லா தெஸ்தே 1503இல் பெருஜீனோவுடன் 100 டுகாட்டுக்கு ஒப்பந்தம் போட்டார். எந்தத் தேவதை எங்கே நிக்கணும் என்பது வரைக்கும் எழுதிக் கொடுத்தார். வேணும்னா உருவங்களைக் குறைக்கலாம், நீங்களா எதையும் சேர்க்கக் கூடாது. 1505இல் ஓவியம் வந்ததும், இன்னும் கவனமா முடிச்சிருந்தா உங்களுக்கும் பெருமை, எங்களுக்கும் திருப்தி என்று பதில் போனது. அதே இசபெல்லா வெனிஸின் ஜொவான்னி பெல்லினியிடம் ஒரு கதைக் காட்சி கேட்டபோது, மூத்த ஓவியரான அவர் பிடி கொடுக்கலை. முன்பணமும் வாங்கிட்டு, இழுத்தடிச்சு, கடைசியில் தனக்குப் பிடித்த கிறிஸ்து பிறப்பு ஓவியம் ஒன்றைக் கொடுத்தார். பிறகு நடுவில் நின்று பேசிய கவிஞர் பெம்போ, பெல்லினிக்குக் கட்டளைகளைக் கட்டிவிடாதீங்க, தன் போக்கில் விட்டால்தான் வரைவார் என்ற மாதிரி இசபெல்லாவுக்கு எழுதறார். வாங்குபவர் ஒருவர்தான். பேர் எவ்வளவு கனமோ அவ்வளவு சுதந்திரம்.

வாங்குபவர் யாரென்றே தெரியாமல்

இதுவரை பார்த்த எல்லாமே ஆர்டர் வேலை. முதலில் ஆள், பிறகு ஓவியம். இதே காலத்தில் வடக்கே வேற ஒரு முறை வளருது. முதலில் ஓவியம், பிறகு ஆள்.

ஆன்ட்வெர்ப் துறைமுக நகரத்தில் 1460இல் மாதா தேவாலயத்தை ஒட்டி ஒரு சந்தைக் கூடம் கட்டினாங்க. தேவாலயமே கட்டி, திருவிழாச் சந்தை நாட்களில் ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் கடைகளை வாடகைக்கு விட்டது. வியாபாரி வருவார், நாலு படம் எடுத்துக்குவார், கப்பலேற்றுவார். வரைந்தவருக்கு அது எந்த ஊர்ச் சுவரில் தொங்கப் போகுதுன்னு தெரியாது. தெரியாத ஆள்கிட்ட வாங்கும்போது நம்பிக்கைக்கு ஏதாவது வேணுமே? ஆன்ட்வெர்ப்பில் செய்த மரச்சிற்பப் பீடங்களில் ஒரு கையின் முத்திரையைச் சூடு போட்டாங்க. இன்றைய ஹால்மார்க் மாதிரி.

இந்த உலகத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர் நியூரம்பெர்க் நகரத்து ஆல்பிரெக்ட் டியூரர். ஃபிராங்க்ஃபர்ட் வணிகர் யாக்கோப் ஹெல்லர் அவரிடம் ஒரு பீட ஓவியம் கேட்டிருந்தார். பேசினது 130 கில்டர். 1508, 1509இல் டியூரர் எழுதின கடிதங்கள் கிடைச்சிருக்கு. படிச்சா க்ளையன்ட்டுக்குப் போடும் மெயில் மாதிரியே இருக்கும். செலவு கூடுது, நேரம் கூடுது, 200 தாங்க என்கிறார். நல்ல அல்ட்ராமரீன் போட்டிருக்கேன், பத்திரமா வெச்சுக்கிட்டா 500 வருஷம் பளிச்சுன்னு இருக்கும் என்கிறார். சாதாரணப் படம்னா வருஷத்துக்கு ஒரு குவியலே வரைஞ்சிடுவேன், இப்படி இழைச்சு இழைச்சுப் பண்ணா கட்டுப்படியாகாது என்கிறார். இனி செதுக்கு வேலைக்கே போறேன், முன்னாடியே அதைப் பண்ணியிருந்தா இன்னைக்கு 1,000 கில்டர் பணக்காரனா இருப்பேன் என்கிறார்.

செதுக்கு வேலை என்று அவர் சொல்வது அச்சுப்படம். மரக்கட்டையிலோ செப்புத் தகட்டிலோ ஒரு முறை செதுக்கினால் நூற்றுக்கணக்கில் அச்சடிக்கலாம். 1498இலேயே 'திருவெளிப்பாடு' தொடரை 15 மரச்செதுக்குப் படங்களோடு தானே பதிப்பித்திருந்தார். மனைவி ஆக்னெஸ் ஃபிராங்க்ஃபர்ட் சந்தையில் கொண்டுபோய் விற்றார். ஒவ்வொரு தாளிலும் பெரிய 'ஏ' எழுத்தின் கால்களுக்கு நடுவில் சின்ன 'டி'. உலகத்தில் முதல் முதலாகக் கலைஞர் ஒருவரின் லோகோன்னு சொன்னா மிகையா இருக்கலாம், ஆனா வேலை அதுதான் செய்தது. அது இருந்தால்தான் விலை. அதனாலதான் இத்தாலியில் மார்க்கன்தோனியோ ரைமொந்தி படங்களோடு அந்த முத்திரையையும் சேர்த்துக் காப்பி அடித்தார். டியூரர் வெனிஸ் அரசிடம் முறையிட்டதாகவும், முத்திரையைப் போடக் கூடாது என்ற தீர்ப்பு மட்டுமே கிடைத்ததாகவும் வசாரி எழுதறார். படத்தைக் காப்பி அடிக்கலாம், பேரை அடிக்கக் கூடாது!

சரி, அப்போ டியூரர் புரவலர்களை விட்டு முழுசா வெளியே வந்துட்டாரா? இல்லை. 1515இல் பேரரசர் மாக்ஸிமிலியன் அவருக்கு வருடம் 100 கில்டர் உதவித்தொகை ஒதுக்கினார். 1519இல் பேரரசர் இறந்ததும் நியூரம்பெர்க் நகர சபை பணத்தை நிறுத்தியது. 1520இல் மனைவியையும் அச்சுப்படக் கட்டுகளையும் கூட்டிக்கொண்டு டியூரர் நெதர்லாந்துக்குப் பயணம் போனார். வழி முழுக்கப் படங்களை விற்றுக்கொண்டும் பரிசாகக் கொடுத்துக்கொண்டும் போய், புதிய பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் அந்த 100 கில்டரை உறுதி செய்து வாங்கினார். சந்தையைக் கரைத்துக் குடித்த ஆள், மாதச் சம்பளத்தின் அருமையும் தெரிந்த ஆள்.

ரிஸ்க் யார் தலையில்?

இதை எல்லாம் சேர்த்துப் பார்த்தா எனக்குப் புரிவது இது. பொருளுக்கு விலை வெச்ச காலத்தில் ஓவியருக்குச் சுதந்திரம் குறைவு, ஆனா மாசம் 3 ஃப்ளோரின் வந்துக்கிட்டே இருக்கும். கைக்கு விலை வந்தபோது ஒரு சிலர் மட்டும் பிரபுக்களையே ஆட்டி வைக்க முடிந்தது. பட்டறையில் பேரில்லாமல் வரைந்த மற்ற கைகளுக்கு அந்த விலை போய்ச் சேரலை. சந்தை வந்தபோது யாருடைய அனுமதியும் தேவைப்படலை. ஆனா விற்காத தாள் கட்டின் நஷ்டம் வரைந்தவர் தலையில்தான். மூன்றில் எதுவும் இன்னொன்றை ஒழித்துவிடலை. இன்றைக்கும் மாதச் சம்பளம், கமிஷன் வேலை, சொந்த ரிலீஸ் என்று மூன்றையும் கலந்துதான் கலைஞர்கள் ஓட்டறாங்க. உங்க நண்பர்களில் ஒரு டிசைனரோ இசைக்கலைஞரோ இருந்தா கேட்டுப் பாருங்க.

ரேட் கேட்கத் தயங்குறவங்களுக்காக இரண்டு விஷயம் சொல்லி முடிக்கறேன்.

ஹெல்லரின் பீட ஓவியத்துக்கு டியூரர் 200 கில்டர் வாங்கிட்டார். 500 வருஷம் இருக்கும்னு சொன்ன அந்தப் படத்தின் நடுப்பகுதி 1729இல் மியூனிக்கில் தீயில் எரிந்துபோனது. இன்று இருப்பது இன்னொருவர் வரைந்த நகல். சந்தையில் ஆக்னெஸ் விற்ற மாதிரியான அச்சுத் தாள்களோ உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில் இருக்கு.

இன்னொன்று கோஸா. ஸ்கிஃபனோயா மண்டபத்தின் சுவர்களைப் பின்னாளில் சுண்ணாம்பு அடித்து மூடிட்டாங்க. 19ஆம் நூற்றாண்டில் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தபோது, யார் வரைந்ததுன்னு யாருக்கும் உறுதியா தெரியலை. வேறு ஓவியர்களின் பெயரைச் சொல்லிக்கிட்டிருந்தாங்க. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு கடிதம் வெளியே வந்தது. மூன்று பகுதிகள் என்னுடையவை, சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கன்னு கேட்ட அதே கடிதம். கூடுதல் காசு கிடைக்கலை. ஆனா அந்த மூன்று மாதங்களுக்குக் கீழே இன்று கோஸாவின் பெயர் இருப்பதற்குக் காரணம், அவர் வாய் திறந்து கேட்டதுதான்.

இந்த எபிசோட் பிடித்திருந்தால், ரேட் கேட்கத் தயங்கிக்கிட்டு இருக்கும் ஒரு நண்பருக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.